அண்ணாந்து பார்க்கும் வேலை

முதல் நாள் மாமா எனக்குக் கொடுத்த வேலை அண்ணாந்து பார்ப்பது. வேறொன்றும் இல்லை. சாந்தன்பாறைக்கு இந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், பெரிய சந்தனவேம்பு ஒன்றின் அடியில் நிறுத்தி, "மேல என்னென்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு மாப்ள" என்றுவிட்டு வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் பார்த்தேன். இலை இருந்தது, கிளை இருந்தது, இடுக்கில் கொஞ்சம் வானம் இருந்தது. சொன்னேன்.

"அப்ப இன்னிக்கு ஏறுறது இல்ல" என்றார்.

கழுத்து கடுக்கக் கடுக்கப் பார்த்து, பத்து மணிவாக்கில்தான் ஒன்று தட்டுப்பட்டது. தெற்கே நீண்டிருந்த கிளையில் பாதிக்கு மேல் பட்டை உரிந்திருந்தது. நுனியில் ஒரு பச்சை இல்லை. பட்ட கிளை. கால் வைத்தால் முறியும். சோற்றுக்கு முன்னால் இன்னொன்று: இரண்டு கிளை பிரியும் கவட்டையில் மழைத்தண்ணீர் தேங்கிக் கறுத்திருந்தது. உள்ளே உளுத்திருக்கும் என்றார். கடைசியாக ஒன்றை அவரே காட்டினார். இலைக்குள் இலையாக, மண்பானையைக் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டது போல ஒரு கதண்டுக்கூடு. அதுவரை நான் அதையும் ஏதோ கணு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கீழ நின்னு பாத்தா கண்ணுக்குத் தெரியும். மேல போய்ப் பாத்தா மூஞ்சிக்குத் தெரியும்" என்றார். அந்த மரத்தில் அன்று யாரும் ஏறவில்லை. அடுத்த மரத்துக்குப் போனோம். அங்கேயும் எனக்கு அதே வேலைதான்.

இது 2011 மே மாதம். அதற்கு முந்தைய டிசம்பர் கடைசியில்தான் போடியிலிருந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயில் நின்றது. ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டு சிலமலையில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை, அம்மாவின் தம்பி, "என்கூட வரட்டும்க்கா, கயிறாவது பிடிக்கட்டும்" என்று கூட்டிப்போனார். விடியும் முன் ஜீப். முந்தலில் மலை ஏறத் தொடங்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவு முடிந்தால் போடிமெட்டு. அங்கே காற்று முகத்தில் அறையும். அதைத் தாண்டினால் கேரளம். ஜீப்பில் பாதிக்கு மேல் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்ட பெண்கள். அவர்கள் காய் எடுக்கப் போகிறவர்கள், களை எடுக்கப் போகிறவர்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மரத்துக்குப் போகிறவர்கள்.

ஏலத்தோட்டத்தில் மரத்துக்கு என்ன வேலை என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஏலம் காட்டுக்கடியில் வளர்ந்த செடி. நேர்வெயில் பட்டால் இலை வெந்துவிடும். முழு நிழலில் விட்டால் சரம் விடாமல் தழையாகவே நிற்கும், ஈரம் தேங்கி அழுகல் வரும். ஏறக்குறைய பாதி வெளிச்சம், பாதி நிழல் வேண்டும். அதனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மே, ஜூன் வாக்கில் நிழல்மரங்களுக்குக் கவாத்து. பலா, சந்தனவேம்பு, கல்யாண முருங்கை, சில்வர் ஓக் என்று தோட்டத்துக்குத் தோட்டம் மரம் மாறும். கிளையைக் கழிக்கலாம், மரத்தைச் சாய்க்கக் கூடாது. ஏலமலைக் காடு என்று திருவிதாங்கூர் அரசு 1897-இல் அறிவித்த நிலம் இது. அது எத்தனை ஏக்கர் என்பதில், 15,720-ஆ, அதற்கு முன்னால் ஒரு 2 சேர்த்து 2,15,720-ஆ என்று நீதிமன்றம்வரை போன தகராறு. மரத்தில் ஏறுகிறவனுக்கு அந்த 2 இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, உயரம் அதேதான்.

கவாத்து என்றால் வெட்டித் தள்ளுவது இல்லை என்பதை எனக்குப் புரியவைக்கவே மாமாவுக்கு ஒரு மாதம் ஆனது. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது. மே மாதம் அது நீண்டுகொண்டிருக்கும் நேரம். மேலே இருந்து ஒரு கிளை தொப்பென்று விழுந்தால் ஒரு தூரின் அந்த வருஷக் காய் போச்சு. ஆகவே பெரிய கிளையைக் கயிற்றில் கட்டி, மேலே ஒரு கவட்டையில் போட்டு, கீழே ஒருவன் பிடித்துக்கொண்டு, அறுந்ததும் மெல்ல இறக்க வேண்டும். அந்தக் கீழே இருப்பவன்தான் நான். முதல் வருஷம் முழுக்க. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்பதுதான் எனக்குச் சொன்ன முதல் பாடம். கிளை இழுத்தால் கை கூடவே போகும். பக்கத்து மரத்தில் ஒன்றரைச் சுற்று போட்டுப் பிடித்தால், மரம் பாதிப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். கிளைக்கு நேர் கீழே நிற்காதே. ஏறுகிறவன் குரல் கொடுக்காமல் எதுவும் செய்யாதே. "விடு" என்பதும் "விடாதே" என்பதும் காற்றில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால், மாமா "விடு" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளவில்லை. இறக்க வேண்டுமென்றால் "வரட்டும்", நிறுத்த வேண்டுமென்றால் "நில்லு".

ஏறுவதைக் கற்றது மிளகில். டிசம்பர் முதல் மார்ச் வரை மிளகு. சில்வர் ஓக்கில் படர்ந்த கொடி முப்பது, நாற்பது அடி போயிருக்கும். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறிக்கலாம். ஏறுவதற்கு ஒற்றை மூங்கில் ஏணி: ஒரே கழி, கணுவில் கிளையை ஒரு சாண் விட்டுக் கழித்திருப்பார்கள், அந்த முளையில் பெருவிரலும் அடுத்த விரலும் மட்டும் நிற்கும். ஏணியின் தலையை மரத்தோடு கட்ட வேண்டும். ஆனால் கட்டுவதற்கு ஒருவன் மேலே போக வேண்டும், அவன் போகும்போது ஏணி கட்டாமல்தான் இருக்கும். இந்த முரண்பாட்டுக்குத் தீர்வாக மாமா ஏணியின் தலையில் நீளமான கயிற்றை முன்னாலேயே முடிந்து, இரண்டு முனையையும் கீழே விட்டு, மரத்தைச் சுற்றி எதிரெதிராக நடந்து, கீழேயே கட்டிவிடுவார். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்துத்தான் நான் விழுந்தேன்.

இரண்டாம் வருஷம் ஜனவரி. நாளைக்கு இத்தனை கிலோ என்று கூலி பேசிய தோட்டம். மாமா வேறு சரிவில் இருந்தார். ஏணியைச் சும்மா சாய்த்துவிட்டு ஏறினேன். அடி நின்ற இடத்தில் சருகு. சருகுக்கடியில் பொதபொதவென்று மக்கு. பதினாலு அடி உயரத்தில், முதுகுச் சாக்கில் ஐந்தாறு கிலோ மிளகோடு, ஏணி அடியில் வழுக்கி ஓடியது. விழுகிறோம் என்று தெரிவதற்குள் விழுந்து முடிந்துவிட்டது. கையை ஊன்றினேன், மணிக்கட்டு இரண்டு இடத்தில் போனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தோட்டக்காரர் கொஞ்சம் பணம் கொடுத்து, "கவனமா இருக்கக் கூடாதாப்பா" என்று அனுப்பிவைத்தார். வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்ட ஈடு கேட்க 1923-லிருந்தே ஒரு சட்டம் இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் அன்று பேசவில்லை.

மாமா திட்டவில்லை. கட்டு பிரித்த அன்று ஒரு கணக்குச் சொன்னார். அவர் படித்தது ஐந்தாவதுவரை. கணக்கு அவருடையது இல்லை, யாரோ வாத்தியார் சொன்னதாம். நாற்பது அடியிலிருந்து விழுகிற ஆள் தரைக்கு வர ஒன்றரை வினாடி. வந்து மோதும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர், போடி–தேனி பஸ் போகிற வேகம். "ஒன்னரை செகண்ட்ல உன்னால என்ன பண்ண முடியும்? முருகான்னு கூட முழுசாச் சொல்ல முடியாது. அதனால பண்ண வேண்டியத எல்லாம் கீழ பண்ணிட்டுப் போ." பிறகு ஐ.டி.ஐ.யில் விட்டுவந்த சூத்திரத்தை எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மரத்துக்கு ஏறியது மூன்றாம் வருஷம். பனையேறிகளுக்குத் தளைநார் உண்டு, இடைக்கயிறு உண்டு. மரம் அடிமுதல் நுனிவரை ஒரே தூண். தென்னைக்கு ஏறும் இயந்திரமே வந்துவிட்டது. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னையின் தோழர்கள்' என்று திட்டம் தொடங்கி, ஆறு நாள் பயிற்சி, காப்பீடு எல்லாம் கொடுத்தது. எங்கள் மரத்துக்கு அந்த இயந்திரம் உதவாது. பத்தடி போனால் ஒரு கவட்டை, இன்னும் ஐந்தடியில் ஒரு முண்டு, மேற்குப் பக்கம் முழுக்கப் பாசி. ஒவ்வொரு கிளையையும் தாண்டும்போது இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். அவிழ்த்திருக்கும் அந்தக் கணத்தில் ஆள் வெறும் கையோடு நிற்கிறான். விழுந்தவர்களில் பலர் அந்தக் கணத்தில் விழுந்தவர்கள் என்று மாமா சொல்வார். ஆகவே அவர் இடுப்பில் எப்போதும் இரண்டு துண்டுக் கயிறு. ஒன்றை மேல்கிளையில் போட்டுக் கட்டிய பிறகுதான் மற்றதை அவிழ்ப்பார். இரண்டு கை, இரண்டு கால். அதில் மூன்று எப்போதும் மரத்தில். ஒன்று மட்டும் வேலையில்.

வெட்டையும் அங்கேதான் கற்றேன். கிளையை மேலிருந்து மட்டும் வெட்டினால், பாதி வெட்டியதுமே பாரம் தாங்காமல் கீழே சாயும். பட்டை நார் நாராக உரிந்து, அடிமரத்தோடு கிழிந்து, கிளை ஊஞ்சல் மாதிரி திரும்பி ஏறுகிறவனைத்தான் அடிக்கும். ஆகவே முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, மூன்றில் ஒரு பங்கு ஆழம். பிறகு அதற்குக் கொஞ்சம் வெளியே தள்ளி மேல்வெட்டு. கிளை போன பிறகு மிச்சக் கட்டையை, அடிமரத்தோடு சேரும் தடித்த வளையத்தை விட்டுவிட்டுச் சீவ வேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடுகிறது. அதையும் சீவினால் உள்ளே தண்ணீர் இறங்கி, நாலைந்து வருஷத்தில் உளுத்த கவட்டையாகிவிடும். "இன்னிக்கு நீ வெட்டுற வெட்டுதான் நாளைக்கு ஏறுறவனுக்குப் படிக்கட்டு" என்பார். மேற்கு வெயில் அடிக்கிற சரிவில் கை தாராளம் காட்டக் கூடாது. 2024 கோடையில் இடுக்கியில் வெயில் கொளுத்தி ஏலம் கருகியபோது, முந்தைய வருஷம் மொட்டையடிக்கச் சொன்ன தோட்டங்களைத் தாண்டி ஜீப்பில் போனோம். சுருட்டி எறிந்த தாள் போலக் கிடந்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்ட காய் அது.

இதுவரை சொன்னதெல்லாம் மாமாவின் பாடம். அவருடைய கயிறு மட்டும் பழைய கயிறு. சந்தையில் எடை போட்டு வாங்கிய நைலான். ஒரு நாள் ஜீப் மேலே மூட்டை கட்டும், மறுநாள் கிளை இறக்கும், அதற்கு மறுநாள் ஆளைத் தாங்கும். இரவில் மருந்தடிக்கிற பம்பு, பழைய பேட்டரி எல்லாம் கிடக்கிற கொட்டடியில் சுருண்டு கிடக்கும். இந்த மலையில் கயிறு என்ற சங்கதி முதலில் தேயிலைப் பெட்டிக்குத்தான் கிடைத்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலை இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்திருக்கிறது. 1924 வெள்ளத்தில் மூணாறு ரயில் போனது. பெட்டிக்குக் கணக்குப் பார்த்து வடம் போட்டார்கள். மரமேறிக்குக் கையில் கிடைத்ததுதான் கயிறு.

இது மாறியது 2020-இல். ஊரடங்கில் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தான் தேவாரத்துக்காரன் ஒருத்தன், எனக்குப் பங்காளி முறை. கண்ணாடிக் கட்டடங்களில் தொங்கித் துடைக்கிற வேலை பார்த்தவன். முதுகில் ஒரு பெரிய பை. பை நிறையக் கயிறும் பெல்ட்டும் இரும்பு வளையங்களும். அவன் எங்கள் மரத்தைப் பார்த்து அதிரவில்லை. கயிற்றைப் பார்த்துத்தான் அதிர்ந்தான்.

மாமாவுக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். "மரத்துக்குக் கல்யாண ஜோடனை பண்றாங்கடா" என்பார். வாக்குவாதம் தீர அவன் ஒரு வேலை செய்தான். ஐம்பது கிலோ பொட்டாஷ் மூட்டையை மாமாவின் நைலானில் கட்டி, பலாக்கிளையில் முடிந்து, ஆறடி தூக்கி விட்டான். மூட்டை நிற்கவில்லை. கயிறு சத்தம்கூடப் போடாமல் அறுந்து, மூட்டை தரையில் வெடித்து, சிவப்பாகச் சிதறியது. மாமா அறுந்த முனையை எடுத்து, விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய எடை அறுபத்திரண்டு. மூட்டைக்கான காசை அவரே தோட்டத்துக்குக் கொடுத்தார். மறுநாள் ஜீப்பில் ஏறும்போது பங்காளியிடம், "அந்த பெல்ட்ட எனக்கும் ஒன்னு அளவு பாரு" என்றார்.

அவனிடம் கற்றதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் 'சேஃப்டி பெல்ட்' என்று கேட்டால் எதையும் கொடுத்துவிடுவார்கள். இடுப்பில் மட்டும் மாட்டுகிற பெல்ட், விழுந்தால் ஆளை இரண்டாக மடிக்கும். முதுகெலும்பும் வயிறும் அடியை வாங்கும். தோள், மார்பு, தொடை எல்லாம் சுற்றிவருகிற முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். ஐ.எஸ். 3521 என்ற எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு: மேலே உறை, உள்ளே உயிர்நூல் என்று இரண்டடுக்காகப் பின்னியது. அரிவாள் பட்டு உறை கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தால், அது அன்றோடு மாடு கட்டுகிற கயிறு. ஒரு முறை பெரிய விழுச்சியைத் தாங்கிய கயிறும் அப்படித்தான், பார்க்கப் புதிதாக இருந்தாலும். வெயில் தின்னும், பேட்டரித் தண்ணீர் தின்னும். இப்போது எங்கள் கயிறு கொட்டடியில் தூங்குவதில்லை. வீட்டில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், துணிப்பைக்குள் இருக்கிறது.

கட்டுகிற இடம் எப்போதும் தலைக்கு மேலே. தலைக்கு மேலே கட்டியவன் சறுக்கினால் அரையடி தொங்குவான். காலடியில் கட்டியவன் முதலில் கயிற்றின் நீளத்துக்கு விழுந்து, பிறகு அதே நீளம் இன்னொரு முறை விழுவான். பொட்டாஷ் மூட்டைக்கு நடந்தது அதுதான்.

அவன் தொழிலில் எப்போதும் இரண்டு கயிறு. ஒன்று வேலைக்கு, ஒன்று காவலுக்கு. இரண்டும் வெவ்வேறு இடத்தில் கட்டியவை. மாமாவின் இரண்டு துண்டுக் கயிறும் இதே புத்திதான் என்று நான் சொன்னபோது அவன் ஒத்துக்கொண்டான், மாமாவும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இன்னொன்று எங்களுக்குத் தெரியவே தெரியாதது. பெல்ட் ஆளைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தோம். என்னை ஹார்னஸில் தொங்கவிட்டு, காலை ஆட்டாமல் இரு என்றான். பத்து நிமிஷத்துக்குள் தொடை மரத்து, காதில் ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது. அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே நின்றுபோகும். மயங்கினவன் அப்படியே தொங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கால் வைத்து எழ ஒரு கயிற்றுக் கண்ணி ஹார்னஸிலேயே இருக்க வேண்டும். கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவனை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும். வருஷத்தில் முதல் வேலை நாளில் இப்போதும் நாங்கள் கிளை வெட்டுவதில்லை. ஒருவன் மயங்கியது போலத் தொங்குவான், மற்றவர்கள் இறக்குவார்கள். பார்க்கிற பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கரண்டுக் கம்பிக்கு மட்டும் எந்தப் பெல்ட்டும் மருந்தில்லை. மூங்கில் ஏணிக்குப் பதில் லேசாக இருக்கிறது என்று அலுமினிய ஏணி வந்தபோது, மலையில் நிறையப் பேர் வாங்கினார்கள். நிமிர்த்தும்போது கம்பியில் பட்டால் போதும். மூங்கிலும் நனைந்தால் மின்சாரம் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல், கம்பிக்கு இரண்டு ஏணி நீளத்துக்குள் இருக்கிற மரத்தை நாங்கள் தொடுவதில்லை.

போன வருஷத்திலிருந்து அக்கா மகன் கூட வருகிறான். பத்தொன்பது வயசு. கயிறு பிடிக்கிறான், அண்ணாந்து பார்க்கிறான். பார்க்காத நேரம் போனைப் பார்க்கிறான். ஒரு நாள் சோற்று நேரத்தில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஒரு வெள்ளைக்காரன் மலை விளிம்பில் நின்று, கையை விரித்து, அப்படியே விழுகிறான். கொஞ்ச நேரம் கழித்து முதுகிலிருந்து குடை விரிகிறது. "பேஸ் ஜம்ப் மாமா. நம்ம கொழுக்குமலை விளிம்புல இருந்து குதிக்கலாமா?"

பங்காளி அந்த உலகத்தைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தான். கட்டடம், ஆன்டெனாக் கோபுரம், பாலம், மலை ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் உள்ள முதலெழுத்துகள்தான் 'பேஸ்'. அமெரிக்காவில் கார்ல் பீனிஷ் என்பவரும் கூட்டாளிகளும் வைத்த பெயர். நான்கிலிருந்தும் குதித்தவர்களுக்கு 1981-லிருந்து வரிசை எண் கொடுத்தார்கள். அந்தக் கார்ல் 1984-இல் நார்வே மலை ஒன்றில் குதித்து இறந்தார். நம் நாட்டிலும் நடந்திருக்கிறது: கங்கோத்ரிப் பக்கம் மேரு சிகரத்தில் 6,604 மீட்டர் உயரத்திலிருந்து 2006-இல் ஆஸ்திரேலியத் தம்பதி குதித்தார்கள், சிவலிங்க சிகரத்திலிருந்து 2012-இல் வலேரி ரோசவ் என்ற ரஷ்யர். ரோசவ் ஐந்து வருஷம் கழித்து நேபாளத்தில், அதே வேலையில் போய்ச் சேர்ந்தார்.

நான் கேட்டது வேறு. "விமானத்துலருந்து குதிக்கிறவன் ரெண்டு குடை கட்டிட்டுப் போவானாமே. இவனுக்கு?"

"ஒன்னுதான்" என்றான் பங்காளி. "ரெண்டாவத விரிக்க நேரம் இருக்காது."

மாமா தலையாட்டினார். அது அவருக்கு உடனே புரிந்தது. அமெரிக்காவில் இடாஹோவில் ஒரு பாலம், 486 அடி. வருஷம் முழுக்க அனுமதிச் சீட்டு இல்லாமல் குதிக்கிற இடம். குடை விரியாவிட்டால் தண்ணீரைத் தொட ஐந்தரை வினாடி. எங்கள் ஒன்றரை வினாடிக்கு அண்ணன், அவ்வளவுதான். ஆகவே அவர்களும் பண்ண வேண்டியதையெல்லாம் மேலே நிற்கும்போதே பண்ணிவிடுகிறார்கள். குடையை வேறொருவன் மடிக்க விடுவதில்லை, தானே மடிக்கிறான். மடிப்பு கோணினால் குடை திரும்பி விரியும். திரும்பி விரிந்தால் முகத்துக்கு நேரே பாறை. உயரத்துக்குத் தக்கபடி, பெரிய குடையை வெளியே இழுத்து விரிக்கிற முன்குடையின் அளவை மாற்றுகிறார்கள்: குதிக்கிற இடம் தாழ்ந்தால் முன்குடை பெரிசு, ஏனென்றால் வேகம் குறைவு, அது காற்றைக் கூடுதலாகப் பிடித்தாக வேண்டும். ரொம்பத் தாழ்வான இடத்தில், கூட நிற்பவன் முன்குடையைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்து விரித்துவிடுகிறான். எங்கள் கீழ்ஆளைப் போல அவன் மேல்ஆள். இதையெல்லாம் தொடங்கும் முன் விமானத்திலிருந்து இருநூறு தடவையாவது குதித்து, குடையை நினைத்த இடத்தில் இறக்கப் பழகியிருக்க வேண்டும் என்பது அங்கே பெரியவர்கள் சொல்கிற கணக்கு. அப்படியும் நார்வேயில் ஷெராக் என்ற மலையில் 1995 முதல் 2005 வரை குதித்த 20,850 தடவையைக் கணக்கெடுத்ததில் ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 2,300 தடவைக்கு ஓர் உயிர்.

"நாம வருஷத்துக்கு எத்தன மரம் ஏறுவோம்?" என்றார் மாமா. யாரும் பதில் சொல்லவில்லை.

அவர்களைப் பற்றிச் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. குதிக்கப் போனவன், காற்று சரியில்லை என்றால், மூன்று மணி நேரம் ஏறிய மலையை மறுபடி நடந்தே இறங்கி வருவானாம். கூட இருப்பவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாதாம். மருமகனுக்கு அது சப்பென்று இருந்தது. கொழுக்குமலை என்றதும் எனக்கு நினைவு வந்தது வேறு. 2018 மார்ச் 11. குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, திரும்பி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்லில் ஓடிய தீ சுற்றிக்கொண்டது. இறந்தவர்கள் 23 பேர். அன்று இரவு எங்கள் பக்கத்து ஆட்கள் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சரிவில் பகலில் வெறுங்கையோடு இறங்குவதே கஷ்டம். இதை அவனிடம் சொல்லவில்லை. "மொதல்ல இந்தப் பலாவுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றேன்.

மாமா இப்போது ஏறுவதில்லை. முழங்கால். 2023 ஜூனில் அகல ரயில் போடிக்கு வந்தபோது முதல் ஆளாக மதுரை போய், ஒரு சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முப்பது வருஷம் ஏறி ஒரு தடவைகூட விழாதவர் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அவர் பெருமையாகச் சொல்வது ஏறாமல் விட்ட மரங்களை. உடும்பன்சோலையில் அந்த ரெட்டைக் கவட்டைப் பலா, பூப்பாறை இறக்கத்தில் கம்பிக்கடியில் நின்ற சில்வர் ஓக் என்று ஒவ்வொன்றாக, உறவுக்காரர்களைச் சொல்வதுபோல அடையாளம் சொல்லுவார்.

இந்த மே மாதம் ராஜாக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு மரம். சந்தனவேம்பு, அறுபதடி இருக்கும். முந்தின நாள் மழை. மேற்குப் பக்கம் பாசி பளபளவென்று. அரிவாளின் முதுகால் தட்டினேன். ஆளுயரத்தில் ஒரு இடத்தில் சத்தம் மாறியது, காலிக் குடத்தைத் தட்டுகிற மாதிரி. மருமகன் அண்ணாந்து பார்த்துவிட்டு, உச்சிக்குக் கீழே பட்ட கிளை ஒன்றையும் சொன்னான். சரியாகச் சொன்னான். தோட்டக்காரரிடம் இன்றைக்கு முடியாது, இரண்டு நாள் காயட்டும், அப்புறமும் அந்தப் பக்கத்து மரத்தில் கயிறு போட்டுத்தான் ஏறுவேன், கூலி கூடும் என்றேன். அவர் போனை எடுத்தார்.

அரைமணியில் பைக்கில் ஒருவன் வந்தான். இடுப்பில் அரிவாள், தோளில் துண்டு. கயிறு இல்லை. பாசியைக் காலால் தேய்த்துவிட்டு, விறுவிறுவென்று ஏறினான். உச்சிக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுக் கிளையைத் தள்ளிவிட்டு, மூன்று ஏலத்தூரைச் சப்பையாக்கிவிட்டு, பத்திரமாக இறங்கி வந்தான். காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். நல்ல கை. நானே பார்த்ததில்லை அப்படி ஒரு ஏற்றம்.

மருமகன் என் முகத்தைப் பார்த்தான். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நனையாத கயிறுதான், ஆனாலும் பையில் வைக்கும் முன் ஒரு முறை முழு நீளத்துக்கும் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மறுமுனையை அவனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், அவன் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.